மூடி தெறிக்கிறது: குற்றம் மூடியிலா, கழுத்திலா?

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் நானும் என் மச்சானும் பன்னீர் சோடா, லெமன் சோடா போட்டு 200 மிலி பெட் பாட்டிலில் அடைத்து, சுற்றியுள்ள பெட்டிக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. கடைசியாக வாங்கிய இரண்டு லோடு மூடியில்தான் வினை. பத்து நாளில் கேஸ் இறங்கிவிட்டது என்று கடைக்காரர்கள் திருப்புகிறார்கள். நான்கைந்து பாட்டிலைத் திறக்கும்போது மூடி தெறித்து ஓடியிருக்கிறது. பாட்டில் ஊதித் தருபவர் ‘மூடி மட்டம்’ என்கிறார். மூடி ஏஜென்ட் ‘பாட்டில் மட்டம், குட்டைக் கழுத்துக்கு மாறிவிடு, செலவும் குறையும்’ என்கிறார். யாரை நம்புவது? கையில் இன்னும் மூன்று மூட்டை மூடி மீதி இருக்கிறது.

பதில்: முதலில் அந்த மூன்று மூட்டையில் கை வைக்காதீர்கள். கேஸ் இறங்கினால் பணம்தான் போகும். மூடி தெறித்தால் கண் போகும். கடையில் சோடா வாங்கித் திறப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கிறவர்கள்.

சரி, குற்றவாளி யார் என்பதை ஆய்வுக்கூடம் போகாமலே பாதிக்குமேல் கண்டுபிடித்துவிடலாம். திரும்பி வந்த ஒரு பெட்டியை எடுத்து ஒவ்வொரு பாட்டிலையும் அமுக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி கொஞ்சம் மெத்தென்று இருந்தால், கேஸ் பாட்டிலின் சுவர் வழியாகப் போகிறது. பெட் பிளாஸ்டிக் கண்ணாடி இல்லை, கேஸ் அதில் மெதுவாகக் கசிந்துகொண்டுதான் இருக்கும். பாட்டில் சின்னதாக ஆக, உள்ளே இருக்கிற சரக்குக்குச் சுவர்ப் பரப்பு அதிகம். அதனால் 200 மிலி பாட்டில் 2 லிட்டர் பாட்டிலைவிடச் சீக்கிரம் சப்பென்று ஆகும். வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆனால் பெட்டியில் நாலு பாட்டில் செத்துக் கிடந்து, மீதி கல் மாதிரி இருந்தால், அது சுவர் இல்லை, மூடி. ஒரே நாளில் ஒரே ஆள் ஊதிய பாட்டிலில் சுவர் மட்டும் ஒன்றுக்கொன்று அவ்வளவு மாறாது. உங்களுக்குத் தெறிக்கவும் செய்வதால், இரண்டாவது வகை என்றுதான் என் கணக்கு.

மூடி என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது பிடிபட்டால் ஏஜென்ட் பேச்சில் பாதி தானாக உதிர்ந்துவிடும். நம் ஊர் கோலி சோடாவில் கேஸ்தான் காவல்காரன். ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-ல் காப்புரிமை வாங்கிய வித்தை அது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, கோலி ரப்பர் வளையத்தில் இன்னும் இறுகி உட்காரும். பிளாஸ்டிக் திருகு மூடி இதற்கு நேர் தலைகீழ். கேஸ் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கேஸ் தூக்கலாகப் போட்ட பாட்டில் சித்திரை வெயிலில் 40 டிகிரி சூட்டில் நின்றால், அந்தச் சின்ன மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 20, 25 கிலோ வரை வரும். ஒரு சிப்பம் அரிசி. அதைத் தாங்கிப் பிடிப்பது இரண்டு மூன்று கிராம் பிளாஸ்டிக்கில் இருக்கிற மரையும், உள்பக்கம் கழுத்துக்குள் இறங்கி அடைக்கிற மெல்லிய உதடும்தான். மரை கழுத்தோடு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் மூடி எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோசனமில்லை.

இங்கேதான் நான் முப்பது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிற விஷயம் வருகிறது. ‘28 எம்எம் மூடி’ என்று ஒரு மூடி உலகத்தில் கிடையாது. 28 என்பது கழுத்து மரையின் வெளி அகலம், அவ்வளவுதான். செருப்புக் கடையில் ‘எட்டு’ என்று மட்டும் சொன்னால் கொலுசு போட்ட பெண்பிள்ளைச் செருப்பும் எட்டில் இருக்கும், போலீஸ் பூட்ஸும் எட்டில் இருக்கும். சோடா பாட்டிலில் புழங்கும் கழுத்து முக்கியமாக இரண்டு: 1810 என்ற பழைய நெட்டைக் கழுத்து, 1881 என்ற குட்டைக் கழுத்து. வாய் விளிம்பிலிருந்து கழுத்தைச் சுற்றியிருக்கிற பெரிய வளையத்தின் அடி வரை அளந்தால், நெட்டை 21 மில்லிமீட்டர், குட்டை 17 மில்லிமீட்டர். பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் போதும். மரையின் சாய்வும் வேறு: நெட்டையில் ஒரு சுற்றுக்கு 3.18 மில்லிமீட்டர் இறங்கும், குட்டையில் 2.7. நெட்டை மூடியைக் குட்டைக் கழுத்தில் போட்டால் மூடியின் விளிம்பு கீழே வளையத்தில் இடித்து நின்றுவிடும், மேலே உதடு அடைக்காது. குட்டை மூடியை நெட்டைக் கழுத்தில் போட்டால் மரை குறுக்கே ஏறிக்கொண்டு இறுகியது மாதிரி பாவனை காட்டும். மெஷினில் ஓடும். பெட்டியில் போகும். திருமங்கலம் கடையில் வெயில் பட்டதும் பல்லைக் காட்டும்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. அதே 28, அதே குட்டைக் கழுத்து, ஆனால் தண்ணீர் பாட்டிலுக்கென்று எடை குறைத்த மூடி. கேஸ் இல்லாத தண்ணீருக்கு அது போதும். சோடா மூடியின் உள்ளே மரையை உற்றுப் பாருங்கள். மரை தொடர்ச்சியாக ஓடாது, நெடுக்காக இடைவெளி விட்டிருக்கும். பாட்டில் கழுத்திலும் அப்படி வெட்டு இருக்கும். அழகுக்காக இல்லை. நீங்கள் மூடியைக் கொஞ்சம் திருப்பியதும் உதடு விட்டுவிடும், ‘புஸ்’ என்று கேஸ் அந்த வெட்டு வழியாகப் போகும், மரை அதுவரை மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வழி இல்லாவிட்டாலோ, மரை அரைகுறையாகப் பிடித்திருந்தாலோ, கேஸ் போவதற்கு முன் மூடி கழன்று பறக்கும். உங்களுக்கு நடந்தது இந்த இரண்டில் ஒன்று.

பத்து மூடியை நகைக்கடைத் தராசில் போடுங்கள். குட்டைக் கழுத்து சோடா மூடி பத்து சேர்ந்தால் சுமார் 23, 24 கிராம் காட்டும். நெட்டைக் கழுத்து மூடி 30 கிராமை ஒட்டி. 20-க்குக் கீழே போனால் அது தண்ணீர் மூடி, பேச்சே இல்லை. பழைய லோடு மூடி மூலையில் கிடந்தால் அதையும் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பாருங்கள். மூன்று வருடம் ஒழுங்காக ஓடிய பாட்டில் அதேதான், மாறியது மூடி லோடு மட்டும். குட்டைக் கழுத்துக்கு மாறச் சொல்லி உங்களிடம் வாயால் சொல்வதற்கு முன்பே, ஏஜென்ட் மூட்டையில் மாற்றிவிட்டாரோ என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

ஏஜென்ட்டுகளைப் பற்றிப் பேசினால் நான் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். கப்பலூரில் நான் மூடி அடிக்கும் பட்டறையில் இருந்த காலத்திலேயே பார்த்தது இது: சாம்பிள் பையில் புதுப் பிளாஸ்டிக் குருணையில் அடித்த மூடி, மூட்டையில் பழைய சரக்கு அரைத்துக் கலந்தது. கறுப்பு, அடர் நீலம், அடர் பச்சை என்றால் கலப்படம் கண்ணுக்கே தெரியாது. அப்படிப்பட்ட மூடி அழுத்தத்தில் நாலு நாள் நின்றால், உச்சியின் நடுவே, பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த புள்ளியைச் சுற்றி, முடி மாதிரி கீறல் விடும். கேஸ் அதன் வழியே போகும், நீங்கள் மரையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மூக்கில் வைத்து முகருங்கள். மண்ணெண்ணெய், சோப்பு வாடை வந்தால் அந்த வாடை நாளைக்கு உங்கள் பன்னீரிலும் வரும்.

‘பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்’ என்பது அவர்களின் அடுத்த பாட்டு. பில் இல்லாத மூடிக்கு லாட் நம்பர் இல்லை, சண்டை போட ஆள் இல்லை. பில்லில் ‘28 எம்எம் கேப்’ என்று மட்டும் எழுதவும் விடாதீர்கள். எந்தக் கழுத்து, சோடாவுக்கா தண்ணீருக்கா, ஒரு மூடி எடை என்ன, மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறவர் ஏன் மறுக்கிறார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உணவில் படும் பிளாஸ்டிக்குக்குச் சோதனை அறிக்கை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூடியிலிருந்து சரக்கில் இறங்கும் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதி நல்ல விதிதான். அதிகாரி வந்தால் சோடாவை எடுத்துப் போவார், லேபிளில் எழுத்தின் உயரத்தை அளப்பார், மூடியைத் திருப்பிப் பார்த்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. வரியில் மட்டும் மறதி கிடையாது. சர்க்கரை போட்ட சோடாவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம், சிறு வியாபாரிக்கென்று இருக்கிற காம்போசிஷன் திட்டத்திலும் சோடா போடுகிறவருக்கு இடமில்லை. உசிலம்பட்டி மச்சானும் உலகக் கம்பெனியும் அந்த ஒரு இடத்தில் சரிசமம்.

மெஷின் பக்கமும் ஒரு பார்வை. மூடி சரியாக இருந்தும் இறுக்கம் சரியில்லை என்றால் இதே கதைதான். 28 மூடிக்குச் சுமார் 15 இஞ்ச்-பவுண்டு முறுக்கு வைப்பது வழக்கம். அளக்கும் கருவி இல்லையென்றால், மூடியிலிருந்து கழுத்து வளையம் வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, இரண்டு நாள் வெயில் படும் அறையில் வைத்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் மூடி தானாகத் திரும்புகிறது. கழுத்து மரையில் சர்க்கரைப் பாகு வழிந்திருந்தாலும் இறுக்கம் பொய் சொல்லும், துடைத்துவிட்டு மூடுங்கள். அடித்து அன்றைக்கே வந்த மூடியையும் உடனே போடாதீர்கள். பிளாஸ்டிக் சுருங்கி முடிய ஒரு நாளாவது வேண்டும். கசிவு பார்க்க, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலைத் தலைகீழாக அமிழ்த்திப் பத்து நிமிடம் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். சூட்டைக் கூட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் உள்ளே தனி வளையம் இல்லாத, ஒரே துண்டு மூடிக்கு. இப்போது சந்தையில் பெரும்பாலும் அதுதான், அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் ஒருவருக்கு மட்டும் இது ஒத்துவராது, அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். கையால் மூடித் திருகுகிறவர், அல்லது கையில் பிடிக்கும் சின்ன டிரில் மாதிரிக் கருவியால் இறுக்குகிறவர். ஒரே துண்டு மூடியின் உதடு ரொம்ப கறார். கழுத்தின் உள்விளிம்பில் ஒரு கீறல், ஒரு வழுக்கல் இருந்தால் அங்கே கேஸ் போகும். ஒரு பாட்டிலை 14-ல் இறுக்கி அடுத்ததை 9-ல் இறுக்கினாலும் போகும். மாலையில் கை ஓய்ந்த நேரத்தில் எல்லாம் 9 ஆகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் உள்ளே மெத்தென்ற லைனர் வட்டம் ஒட்டிய மூடியை வாங்குவதே நல்லது. லைனர் கழுத்து விளிம்பில் அமுங்கி, சின்னக் குறைகளை மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று இடத்தில் பாட்டில் ஊதி வாங்குகிறவருக்கும் இதுதான். விலை கூடத்தான். லைனர் சரியாக ஒட்டாமல் பாட்டிலிலேயே தங்கிவிடுகிற தொல்லையும் உண்டு, அதனால் லோடு வந்ததும் இருபது மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்துவிடுங்கள். ஆனால் உங்களிடம் கிளட்ச் வைத்த, அதாவது வைத்த இறுக்கம் வந்ததும் தானே விட்டுவிடுகிற ஒற்றைத் தலை மெஷின் இருந்து, ஒரே ஆளிடம் பாட்டில் எடுத்தால், லைனருக்குக் காசு கொடுக்காதீர்கள். கையால் திருகினால் லைனர், மெஷினென்றால் ஒரே துண்டு, நடுவில் எதுவும் கிடையாது.

குட்டைக் கழுத்துக்கு மாறலாமா என்பது தனிக் கேள்வி. மாறுவதில் தப்பில்லை. கழுத்தில் மட்டும் பாட்டிலுக்கு ஒரு கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் மிச்சம், மூடியிலும் அரை கிராமுக்கு மேல். ஆனால் அதற்கு பிரீஃபார்ம் (ஊதிப் பாட்டிலாக்குகிற பிளாஸ்டிக் குழாய்), மூடி, மெஷின் தலை மூன்றும் ஒரே நாளில் மாற வேண்டும். பழைய பாட்டில் ஒன்றுகூடக் கொட்டகையில் மிஞ்சக் கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு முன் மாறாதீர்கள். ஆடி கழித்து, ஓட்டம் குறைந்த மாதத்தில் மாறுங்கள், அதுவும் பாட்டில் ஊதுகிறவரின் வாயால் கேட்டு, ஏஜென்ட் வாயால் கேட்டு இல்லை.

அந்த மூன்று மூட்டைக்கு வருவோம். ஸ்கேல், தராசு இரண்டும் வைத்துப் பார்த்து, மூட்டையின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து பத்துப் பத்து மூடி எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். எடை ஒன்றுக்கொன்று மாறினால் கலப்பு மூட்டை, பிரித்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் மச்சான் பிரிக்க மாட்டார். பில் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பில் இல்லையென்றால் பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவரிடம் கிலோ கணக்கில் போடுங்கள், போடும் முன் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் சாயத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதே மூட்டை அடுத்த மாதம் சோழவந்தான் பக்கம் வேறொரு சோடாக்காரர் வாசலில் புதுச் சரக்கு என்று இறங்கும்.