கார்பைடு மாம்பழத்தை போன் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: பழத்தின் மேல் வைத்தால் இனிப்பு அளவை போனில் காட்டும் சின்னக் கருவிகள் வந்திருக்கின்றனவே, கார்பைடு வைத்துப் பழுக்கவைத்ததை அவை கண்டுபிடிக்குமா?

பதில்: கண்டுபிடிக்காது. தண்ணீர், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை அண்மை அகச்சிவப்பு ஒளியை (கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை வைத்துத்தான் இவை கணக்குப் போடுகின்றன. சதவீதக் கணக்கில் இருக்கும் பொருள்தான் பிடிபடும். கார்பைடு மிச்சமும் பூச்சிமருந்தும் அதைவிட மிகமிகக் குறைவு. பழத்திலுள்ள தண்ணீரே அதை மறைத்துவிடும். 2014-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் மக்களிடம் பணம் திரட்டிய ஸ்கியோ கருவி பார்த்தது 740 முதல் 1070 நானோமீட்டர் வரைதான். சிலிக்கான் சென்சாருக்கு எல்லையே ஏறக்குறைய அங்கேதான். அதற்கு மேல் போக இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார் வேண்டும். விலை எங்கேயோ போய்விடும்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஏஎஸ்7265எக்ஸ் சென்சாரை, ஈஎஸ்பி32 என்ற வயர்லெஸ் வசதியுள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையுடன் இணைத்து போனுக்கு அனுப்புகிறோம். ஒரே மாம்பழத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. ஏன்?

பதில்: சென்சார் பலகையில் உள்ள எல்இடியை நம்பியிருப்பீர்கள். வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முக்கியமான 900, 940 நானோமீட்டர் சேனல்களுக்கு இழை உள்ள பழைய டார்ச் பல்புதான் சரி. எரியவிட்டு 5 நிமிடம் கழித்து அளக்கவும். சூடு நிலைக்கும் வரை வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். பல்புக்கும் சென்சாருக்கும் 1.5 செ.மீ. இடைவெளி விட்டு, நடுவிலும் சுற்றிலும் கறுப்பு ரப்பர் வைத்துப் பழத்தோடு அழுத்துங்கள். இல்லாவிட்டால் தோலின் பளபளப்பைத்தான் அளப்பீர்கள், சதையை அல்ல.

பத்துப் பழத்துக்கு ஒருமுறை பல்பை அணைத்து இருட்டு அளவும், 10 மி.மீ. டெஃப்ளான் கட்டையில் வெள்ளை அளவும் எடுங்கள். பழத்தில் வந்த அளவு, வெள்ளை அளவு இரண்டிலிருந்தும் இருட்டு அளவைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்த பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அடுத்தது அளவுத்திருத்தம், அதாவது சென்சார் எண்ணை உண்மையான இனிப்போடு பொருத்திக் கணக்குப் போடுவது. காயிலிருந்து கனி வரை ஒரே ரகத்தில் 80 பழமாவது வேண்டும். அளந்த அதே இடத்தில் சாறு பிழிந்து ரிஃப்ராக்டோமீட்டரில் (சாற்றில் ஒளி வளைவதை வைத்து அளக்கும் கருவி) பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு பாருங்கள். 20 பழத்தைத் தொடாமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரு பழத்தின் ஒரு கன்னம் கணக்குப் போடும் பயிற்சியிலும் மறு கன்னம் சோதனையிலும் போனால் முடிவு பொய்யாக அழகாயிருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழம் வேண்டாம். தண்ணீரின் உறிஞ்சல் வெப்பநிலையோடு நகரும். பங்கனப்பள்ளிக்குப் போட்ட கணக்கு இமாம் பசந்துக்கு ஒத்துவராது.

கேள்வி: போன் கேமராவே போதாதா?

பதில்: டிவி ரிமோட்டை செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள், பல போன்களில் ஊதாப் புள்ளி மினுங்கும். பின் கேமராவில் பெரும்பாலும் மினுங்காது, அங்கே அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி வலுவானது. அதைக் கழற்றினாலும் கேமராவுக்குத் தெரிவது மூன்றே நிறம். அலைநீளம் பிரித்துப் பார்க்க அதனால் ஆகாது.