போலராய்டு படங்களை ஏலத்தில் வாங்கி மகளின் படிப்புக்குப் பணம் சேர்க்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறோம். அவசரத் தேவைக்கான பணமும் ஓய்வூதியக் கணக்குகளும் ஒழுங்காக உள்ளன. அவை போக 40,000 டாலர் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. மகள் இன்னும் ஏழு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள். எனக்குப் புகைப்படக் கலையில் நெடுநாள் ஈடுபாடு உண்டு. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் போன்றவர்கள் எடுத்த, எடுத்தவுடனே அச்சாகி வரும் போலராய்டு படங்கள் ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்றுதான் என்றும், அந்த ஃபிலிமே இப்போது வருவதில்லை என்பதால் விலை ஏறத்தான் செய்யும் என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். 25,000 டாலரை ஏலத்தில் போலராய்டு படங்களிலும் கலை அச்சுகளிலும் போட்டுவைத்து, படிப்புச் செலவு வரும்போது விற்கலாமா?

பதில்: மகளின் படிப்புக்கென்று வைத்திருக்கும் பணத்தில் ஒரு டாலரைக்கூட இதில் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் கலை ஈடுபாட்டை நான் மதிக்கிறேன்; அதற்கான வழியையும் பின்னால் சொல்கிறேன். ஆனால் குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட தொகை கையில் இருந்தே ஆக வேண்டிய ஒரு கடமையை, எப்போது விற்கும், என்ன விலைக்கு விற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத ஒரு பொருளின் மேல் ஏற்றிவைப்பது சரியாகாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஏலத்தில் ஒரு படத்தை 10,000 டாலருக்கு நீங்கள் கேட்டு, சுத்தியல் தட்டப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனிக் கட்டணம் வசூலிக்கும். பெரிய நிறுவனங்களில் இந்த விலை வரம்பில் அது 26 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. ஆக 12,600 டாலர். படம் நியூஜெர்சியில் உள்ள உங்கள் வீட்டுக்கு வருவதால் மாநில விற்பனை வரி 6.625 விழுக்காடு அந்த மொத்தத் தொகையின் மீது சேரும். இப்போது உங்கள் கையை விட்டுப் போவது ஏறத்தாழ 13,435 டாலர். அனுப்பும் செலவும் சட்டமிடும் (ஃபிரேம் போடும்) செலவும் தனி. விற்கும்போது ஏல நிறுவனம் உங்களிடமிருந்து 10 விழுக்காடு தரகு எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், போட்ட பணம் அப்படியே திரும்பி வருவதற்கே சுத்தியல் விலை, அதாவது ஏலத்தில் முடிவாகும் விலை, 14,928 டாலராக உயர்ந்திருக்க வேண்டும். அதாவது 49 விழுக்காடு ஏற்றம். ஏழு ஆண்டுகளில் இது நடக்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.9 விழுக்காடு வீதம் விலை ஏறிக்கொண்டே வர வேண்டும். அவ்வளவு ஏறியும் உங்களுக்கு லாபம் சுழியம்தான். இந்தக் கணக்கில் காப்பீட்டுச் செலவை நான் சேர்க்கவே இல்லை.

ஏல முடிவுகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஏலத்துக்கு முன் அச்சிடப்படும் மதிப்பீட்டில் வாங்குபவர் கட்டணம் இருக்காது. ஏலம் முடிந்து வெளியிடப்படும் விலையில் பொதுவாக அது சேர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, மதிப்பீட்டைத் தாண்டி விலை பறந்தது போன்ற தோற்றம் பல நேரம் கிடைக்கிறது. படத்தை ஏலத்துக்குக் கொடுத்தவரின் கைக்குப் போனது அந்த வெளியிடப்பட்ட விலை அல்ல.

அடுத்தது உங்கள் நண்பரின் வாதம். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போலராய்டு நிறுவனம் 2008இல் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது உண்மைதான். ஆனால் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த அதன் ஆலையை இம்பாசிபிள் புராஜெக்ட் என்ற குழு எடுத்து நடத்தி, வெள்ளை ஓரத்துடன் வெளிவரும் எஸ்எக்ஸ்-70 வகை ஃபிலிமை மீண்டும் உருவாக்கியது. இன்று அது போலராய்டு என்ற பெயரிலேயே கடையில் கிடைக்கிறது. வார்ஹோல் பெரும்பாலும் பயன்படுத்தியது வேறு வகை: எடுத்த பின் இரண்டு தாள்களையும் உரித்துப் பிரிக்கும் ஃபிலிம். அவ்வகையில் பெரும் எண்ணிக்கையில் கடைசிவரை தயாராகி வந்துகொண்டிருந்த ஃபியூஜிஃபிலிமின் எஃப்பி-100சி-யும் 2016இல் நின்றது. ஆனாலும் ஃபிலிம் நின்றுபோனதால் ஏற்கெனவே எடுத்த படத்தை வாங்க ஆள் கூடிவிடாது. குடும்ப ஆல்பங்களில் கோடிக்கணக்கான போலராய்டு படங்கள் கிடக்கின்றன. அவற்றுக்கும் நெகட்டிவ் கிடையாது, அவையும் ஒன்றே ஒன்றுதான். விலையைத் தீர்மானிப்பவை எடுத்தவரின் பெயர், படத்தில் இருப்பவர், அது யார் யார் கையிலிருந்து வந்தது என்ற வரலாறு, இன்றைய நிலை ஆகியவையே.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சான்று 2010 ஜூன் மாதம் நியூயார்க்கில் சோத்பீஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலம். போலராய்டு நிறுவனத்தை உருவாக்கிய எட்வின் லேண்ட், 1940களின் இறுதியிலிருந்தே இயற்கைக் காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸை ஆலோசகராக வைத்துக்கொண்டவர். பிற்காலத்தில் நிறுவனம் கலைஞர்களுக்கு ஃபிலிமும், 20க்கு 24 அங்குலப் படம் எடுக்கும் பிரம்மாண்டமான கேமராவில் பணிபுரிய நேரமும் கொடுத்து, பதிலுக்கு அவர்களின் படைப்புகளைப் பெற்றது. இப்படி ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்தன. நிறுவனம் 2001இலும் மீண்டும் 2008இலும் திவால் மனு தாக்கல் செய்ய, கடன்காரர்களுக்குப் பணம் கொடுப்பதற்காகத் தொகுப்பின் ஒரு பகுதியை விற்க நீதிமன்றம் அனுமதித்தது. தொகுப்பு சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பிப் படைப்புகளைக் கொடுத்த கலைஞர்களில் சிலர் இதை எதிர்த்தார்கள். அவர்களின் வருத்தம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஏலம் மொத்தம் சுமார் 1.25 கோடி டாலர் ஈட்டியது. அதில் மிக அதிக விலைக்குப் போனது எது தெரியுமா? ஆடம்ஸ் எடுத்த யோசெமிட்டி பள்ளத்தாக்கின் குளிர்காலப் புயல் காட்சி, 7,22,500 டாலர். அது சுவரளவுக்குப் பெரிதாக்கி வெள்ளி உப்புத் தாளில் அச்சிட்ட கருப்பு வெள்ளைப் படம், போலராய்டே அல்ல. அதன் நெகட்டிவிலிருந்து வேறு அச்சுகளும் போடப்பட்டிருக்கின்றன. போலராய்டு நிறுவனத்தின் சொந்தத் தொகுப்பை விற்ற ஏலத்திலேயே, ‘ஒன்றே ஒன்று’ என்ற தகுதி இல்லாத ஒரு படம்தான் முதலிடம் பிடித்தது. வார்ஹோல் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட பெரிய அளவுப் போலராய்டு அதே ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போனது என்பதும் உண்மை. ஆனால் 25,000 டாலருடன் போகும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அந்த ரகம் அல்ல.

உங்களுக்குக் கிடைக்கக்கூடியது எப்படிப்பட்டது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1970களின் தொடக்கத்திலிருந்து வார்ஹோல் உருவப்பட வேலைகளுக்குப் பிக் ஷாட் என்ற பிளாஸ்டிக் கேமராவைப் பயன்படுத்தினார். அதன் குவியம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் நிலைப்படுத்தப்பட்டது என்பதால், படம் தெளிவாக விழ அவரே முன்னும் பின்னும் நகர்ந்து நிற்க வேண்டும். ஒருவரை உட்காரவைத்துப் பல டஜன் படங்கள் எடுப்பார். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, பட்டுத்திரை அச்சின் (ஸ்கிரீன் பிரிண்டிங்) மூலம் 40 அங்குலச் சதுர ஓவியமாக மாற்றுவார். மூலமாக இருந்த போலராய்டு உள்ளங்கை அளவுதான்: 4¼க்கு 3⅜ அங்குலம். ஒரே ஆள், ஒரே உடை, தலை மட்டும் சற்றே திரும்பியிருக்கும் படங்கள் வரிசையாக உள்ளன. பொருள் என்ற வகையில் ஒவ்வொன்றும் தனித்ததே. சந்தையைப் பொறுத்தவரை அதற்கு ஈடாக வைக்கக்கூடிய இன்னொன்று பெரும்பாலும் இருக்கிறது. எவ்வளவு இருந்தன என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2007இல் வார்ஹோல் அறக்கட்டளை தன்னிடமிருந்த போலராய்டுகளையும் கருப்பு வெள்ளை அச்சுகளையும் அமெரிக்கக் கல்லூரி அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளித்தபோது, கொடுத்த எண்ணிக்கை மட்டும் 28,500க்கு மேல். 2012 முதல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் வழியாகவும் அறக்கட்டளை தன் இருப்பை விற்கத் தொடங்கியது. ஆகவே புகழ்பெற்ற முகம் உள்ள படத்துக்கும், பணம் கொடுத்து உருவப்படம் செய்துகொண்ட, இன்று யாருக்கும் தெரியாத ஒரு செல்வந்தரின் படத்துக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது. விற்கப் போகும்போது அந்த இடைவெளி இன்னும் கடுமையாக உறைக்கும்.

அசல்தானா என்ற கேள்விக்கு, படத்தின் பின்புறம்தான் முதல் விடை. வார்ஹோலின் எஸ்டேட் (அவர் விட்டுச்சென்ற சொத்தின் நிர்வாகம்) இட்ட முத்திரையும் அறக்கட்டளையின் முத்திரையும் கையால் எழுதிய இருப்பு எண்ணும் அங்கே இருக்க வேண்டும். வார்ஹோல் படைப்புகளைச் சரிபார்த்துச் சான்று கொடுத்துவந்த குழு 2012இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே முத்திரையும் வரலாறும் இல்லாத ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டுப் பிறகு சான்று வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி மூடிக் கிடக்கிறது.

நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படங்கள் தாமாகவே மாறக்கூடியவை. எஸ்எக்ஸ்-70 வகைப் படங்களில், வேதிப்பொருள் முழுதும் உள்ளேயே தங்கிவிடுவதால், இருட்டில் வைத்தாலும் மஞ்சள் படர்கிறது. பழையவற்றில் உள் அடுக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. ஆரம்பகாலக் கருப்பு வெள்ளைப் போலராய்டுகளில் எடுத்தவரே ஒரு திரவத்தைக் கையால் பூச வேண்டும். பூச்சு விடுபட்ட இடங்கள் கோடு கோடாக வெளுத்துப்போகும். வண்ணப் படங்களை வெயில் படும் சுவரில் மாட்டினால் சாயம் மங்கும். நெகட்டிவ் இல்லாததால் எதையும் திரும்ப எடுக்க முடியாது. எனவே நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, முன்புறமும் பின்புறமும் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் நியூயார்க்கிற்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். புகைப்படங்களுக்கான பெரிய ஏலங்கள் வழக்கமாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் அங்கே நடக்கின்றன. அதற்கு முந்தைய நாட்களில் படங்களை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் போய்ப் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் ஓரிரு முறையாவது போய் வாருங்கள்.

எண்ணிட்ட கலை அச்சுகள், அதாவது ஒரே படத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு எண் போட்ட பிரதிகள், சற்று வேறு. ஒரே பதிப்பிலிருந்து பல பிரதிகள் அவ்வப்போது விற்பனைக்கு வருவதால் சந்தை விலை என்னவென்று ஓரளவு கணிக்க முடிகிறது. போலராய்டில் அந்த வசதி இல்லை. புதிதாக வருபவருக்கு இதுவே பாதுகாப்பான இடம் என்பது என் கருத்து. ஆனால் பழைய போலராய்டை ஸ்கேன் செய்து இப்போது பெரிதாக அச்சிட்டு எண்ணிட்டு விற்பதை, அந்தப் போலராய்டுக்கு இணையாக நினைத்துவிடாதீர்கள்.

வரியில் உங்களுக்குச் சாதகமாக எதுவும் இல்லை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றாலும், கலைப்பொருளின் லாபத்துக்கு மத்திய வரி 28 விழுக்காடு வரை போகும். பங்குகளுக்கு உள்ள குறைந்த விகிதம் இதற்குக் கிடையாது. வீட்டுச் சுவரில் மாட்டி ரசித்த படத்தை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. லாபம் வந்தால் மட்டும் வரி உண்டு. ஓய்வூதியக் கணக்கான ஐஆர்ஏ மூலம் வாங்கினால், அந்தத் தொகையை நீங்கள் வெளியே எடுத்ததாகவே சட்டம் கருதும். இதற்கு எதிராக, 529 கல்விச் சேமிப்புத் திட்டத்தில் பணம் வளர்ந்து, தகுதியுள்ள படிப்புச் செலவுக்குப் பயன்பட்டால், அந்த வளர்ச்சிக்கு மத்திய வரியே இல்லை. குடும்ப வருமானம் 2,00,000 டாலருக்குள் இருந்தால் நியூஜெர்சியின் சொந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை போடும் தொகைக்கு மாநில வரிக் கழிவும் உண்டு.

ஆகவே நான் சொல்வது இது. 32,000 டாலரை 529 திட்டத்துக்கு ஒதுக்கி, மாநிலக் கழிவு உங்களுக்குப் பொருந்துமானால் ஆண்டுக்கு 10,000 என்று பிரித்துப் போடுங்கள். கல்லூரி நெருங்க நெருங்கப் பங்குச் சந்தையில் உள்ள பகுதியைக் குறைக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மீதி 8,000 டாலர் திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் என்று நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து முடிவு செய்தால் மட்டும், அதில் ஒரே ஒரு நல்ல படத்தை வாங்குங்கள். நான்கு சுமாரான படங்களாகப் பிரிக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் கட்டணமும் காப்பீடும் தனித்தனியாகப் போகும், விற்கும்போது சுமாரானவற்றைப் பெரிய ஏல நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை.

ஏலத்தில் உங்கள் உச்ச வரம்பு 8,000 அல்ல என்பதை மறக்க வேண்டாம். வாங்குபவர் கட்டணத்தையும் வரியையும் பின்னோக்கிக் கழித்தால் 5,950 டாலர் வருகிறது. அனுப்பும் செலவுக்கும் சட்டமிடும் செலவுக்கும் இடம் விட்டால் 5,600. அந்த எண்ணை ஏல நாளுக்கு முன்பே எழுதி நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இல்லாமலேயே உங்கள் சார்பில் அதுவரை கேட்பார்கள், அதைத் தாண்டமாட்டார்கள். படம் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக் காப்பீட்டில் தனிப் பொருளாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்துவிடுங்கள். ஏல ரசீது, நிலை அறிக்கை, ஏல விவரப் பட்டியலில் அந்தப் படம் உள்ள பக்கம், பின்புற முத்திரைகளின் புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவையுங்கள். கட்டணமும் விற்பனை வரியும் படத்தின் அடக்க விலையில் சேரும் என்பதால், பின்னாளில் யார் விற்றாலும் வரிக் கணக்கிற்கு அந்த ரசீது தேவைப்படும்.