ஸ்லீப்பிங் பேக் இருக்கட்டும், மழைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் ஸ்வீடனின் வடகோடியில் குங்ஸ்லேடன் பாதையில், அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவோக்தா வரை 7 நாள் நடக்கப் போகிறோம். டென்ட் எடுத்துப் போகிறோம். மைனஸ் 5 டிகிரி என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் போதுமா? கரடி வருமா? இருவரும் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: கரடியை முதலில் அனுப்பிவிடுவோம். பனிக்கரடி ஸ்வீடனில் கிடையாது. நீங்கள் கேள்விப்பட்டது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளைப் பற்றியதாக இருக்கும். அங்கே ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் கருவி கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்வீடன் காடுகளில் பழுப்புக் கரடி உண்டு, ஆனால் நீங்கள் நடக்கப்போவது பெரும்பாலும் மரமே இல்லாத மலைவெளி. அங்கே கண்ணில் படுவது கலைமான்தான். அதுவும் காட்டு விலங்கு அல்ல, அந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்கள் வளர்க்கும் மந்தை. குறுக்கே வந்தால் நின்று வழி விடுங்கள், விரட்டாதீர்கள்.

அடுத்தது ஸ்லீப்பிங் பேக். அதில் ஒரே ஒரு எண் இருக்காது. கம்ஃபர்ட் (சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கும் குளிர்), லிமிட் (சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர்), எக்ஸ்ட்ரீம் என்று மூன்று இருக்கும். கடைக்காரர்கள் பெரிதாக அச்சடிப்பது அநேகமாக லிமிட். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பலாம் என்ற கணக்கு, தூங்கலாம் என்பதல்ல. உங்கள் மைனஸ் 5 கம்ஃபர்ட் எண்ணாக இருந்தால் போதும். லிமிட்டாக இருந்தால், நீங்கள் சமாளிப்பீர்கள், உங்கள் மனைவி இரவெல்லாம் விழித்திருப்பார். கீழே விரிக்கும் மெத்தையையும் பாருங்கள், தரை இழுக்கும் சூடு கொஞ்சநஞ்சமல்ல. சூடு வெளியேறாமல் அது எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் ஆர் மதிப்பு (R-value) 3-க்கு மேல் இருக்கட்டும்.

இனி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாதையில் செப்டம்பரில் ஆளை வீழ்த்துவது மைனஸ் குளிர் அல்ல. 4, 5 டிகிரியில் காற்றோடு அடிக்கும் மழை. உலர்ந்த குளிரில் உடுப்புக்குள் இருக்கும் காற்று உங்களைக் காப்பாற்றும். நனைந்துவிட்டால் அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும், உடம்புச் சூடு அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும்.

இந்தப் பாதையின் உச்சி ஷேக்ட்யா கணவாய், சுமார் 1,150 மீட்டர். ஒருமுறை அங்கே ஏறும்போது மழை பக்கவாட்டில் அடித்தது. ஜாக்கெட் நல்லது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. கையுறையைத்தான் அலட்சியமாக விட்டிருந்தேன், சாதாரணக் கம்பளி. மேலே இருக்கும் சிறிய ஒதுங்கு குடிசைக்குள் நுழைந்து பையை இறக்கலாம் என்று இடுப்புப் பட்டையின் கிளிப்பை அமுக்கினேன். விரல் இருக்கிறது, அமுக்கும் பலம் இல்லை. கூட வந்தவர் கழற்றிவிட்டார். தனியாக இருந்திருந்தால், உலர்ந்த துணி முதுகிலேயே இருக்க, நான் நடுங்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

ஆகவே ஒரு ஜோடி நீர்புகாக் கையுறை கட்டாயம். ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டாம். நனைந்த பருத்தி அந்த ஊரில் காயாது. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ இருக்கட்டும். அப்புறம், இரவு போட மட்டும் ஒரு செட்: மேல் கீழ் உள்ளாடை, காலுறை. இதையும் ஸ்லீப்பிங் பேக்கையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வையுங்கள். பையின் மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள். காலையில் நேற்றைய ஈரக் காலுறையையே திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். கொடுமைதான், முதல் பத்து நிமிடம் திட்டிக்கொண்டே நடப்பீர்கள். ஆனாலும் இரவு செட்டில் கை வைக்காதீர்கள்.

ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறுவது, சமதரையில் தடுக்குவது, ஜிப் போட முடியாமல் திணறுவது எல்லாம் உடம்பு குளிர்ந்து போவதன் அறிகுறி. உடனே ஒதுங்கி, உலர்ந்த துணி மாற்றி, இனிப்பு ஏதாவது சாப்பிட வையுங்கள். சூடேறாமலே நடுக்கம் நின்றால் அது ஆபத்து, உதவிக்கு 112. போனில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, சாட்டிலைட் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

வழியில் கம்பங்களில் சிவப்புப் பெருக்கல் குறி தெரியும். அதைப் பின்பற்றிப் போகாதீர்கள்! அது பனிச்சறுக்கில் போகிறவர்களுக்கான குளிர்காலப் பாதை, ஏரி, சதுப்பு எல்லாவற்றின் மேலும் நேராகப் போகும். உங்களுக்கானது கல்லில் பூசிய சிவப்புப் பெயின்ட்.

மொத்தம் சுமார் 105 கி.மீ. வழியில் தங்கும் குடில்கள் உண்டு: அலேஸ்யாவ்ரே குடிலிலிருந்து, கணவாய்க்கு முன்னால் இருக்கும் ஷேக்ட்யா குடில் 13 கி.மீ., அங்கிருந்து கணவாயைத் தாண்டி செல்க்கா குடில் 12. பலர் இரண்டையும் ஒரே நாளில் முடிப்பார்கள். நீங்கள் வேண்டாம், கணவாயைக் காலையில் புது உடம்போடு தாண்டுங்கள். அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் குறித்த இடங்களில் மட்டுமே டென்ட் போடலாம், அதற்கு அப்பால் விருப்பம்போல்.

சாப்பாடு சுலபம். அரிசி வேக நேரமும் கேஸும் வீண், அவல் எடுங்கள். கொதிநீர் ஊற்றி மூடி வைத்து, பருப்புப் பொடியும் நெய்யும் போட்டால் ஐந்து நிமிடம். நெய் கல்லாக உறையும், வாயகன்ற டப்பாவில் வையுங்கள். நடக்கும்போது கடலை மிட்டாய். ஷேக்ட்யா, சிங்கி குடில்களில் கடை கிடையாது, அலேஸ்யாவ்ரேயிலும் செல்க்காவிலும் உண்டு. ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், குடிலுக்கு மேல்பக்கம் எடுத்தால் சரி.

கிளம்பும் முன் ஒரு வேலை. ஸ்டாக்ஹோமில் நன்றாக மழை பெய்யும் ஒரு சனிக்கிழமை, முழுப் பையையும் மாட்டிக்கொண்டு இருவரும் மூன்று மணி நேரம் நடங்கள். பிறகு மழையிலேயே டென்ட்டைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போது இரவு செட் ஈரமாக இருந்தால், கட்டிய விதத்தை மாற்றுங்கள். பனியன் வரை நனைந்திருந்தால், ஜாக்கெட்டை மாற்றுங்கள்.