வெட்டுக் காலத் தும்மல்: வெல்லாவெளித் தம்பிக்கு

வெல்லாவெளியில் வெட்டு மெசின் வயலில் இறங்கிய நாளிலிருந்து விடியத் தும்மல், கண் கடி, மூக்கால் தண்ணி, ஆனால் காய்ச்சல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள் தம்பி. மூன்று கிழமையாகிறது என்றால் ஒவ்வாமை போலத்தான் இருக்கிறது; சளித் தடிமன் பெரும்பாலும் பத்து நாளில் விட்டுவிடும். மகரந்தம், பதர்த் தூசி, வைக்கோல் பூஞ்சணம் எல்லாம் இப்போது ஒன்றாகத்தான் பறக்கும்.

எனக்கும் பெரும்போக வெட்டில் இதே பாடுதான். வயலால் வந்ததும் தலையோடு குளித்து, உடுப்பை முற்றத்துக் கொடியிலேயே விட்டேன், பாதி குறைந்தது. பார்மசியில் கேட்டு இரவில் ஒரு செட்டிரிசின் (ஒவ்வாமைக் குளிசை) போடலாம். சிலருக்குத் தூக்கம் வரும், மெசின் ஓட்டுபவர் என்றால் கவனம். பிரிட்டன் (Piriton) என்ற பழைய ஒவ்வாமைக் குளிசை இன்னும் மோசமாகத் தூங்க வைக்கும். மூக்கடைப்புத்தான் பெரிய கரைச்சல் என்றால் டாக்டரிடம் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றிக் கேளுங்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு கிழமை ஆகும், மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

இரவில் இருமலோடு நெஞ்சு கீச்சென்று இழுக்கிறது என்று கடைசி வரியில் சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பயம். முட்டாக (ஆஸ்துமாவாக) இருக்கலாம். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம், உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.