நிலா வட்டமும் மழைக்குறியும்

கேள்வி: அயர்லாந்தில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள், தகைவிலான் குருவி தாழப் பறந்தாலும் நிலவைச் சுற்றி வட்டம் கட்டினாலும் மழை வரும் என்று அங்குள்ள முதியவர்கள் சொல்வதாகக் கூறுகிறாள். எங்கள் ஊரிலும் தட்டானையும் நிலா வட்டத்தையும் பார்த்து இப்படித்தான் சொல்வார்கள். இவற்றுக்கு ஆதாரம் உண்டா?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: சிலவற்றுக்கு உண்டு. அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதித் தொகுத்த நாட்டார் வழக்குகளில் இத்தகைய மழைக்குறிகள் நிறையவே இருக்கின்றன. புகைபோக்கியிலிருந்து கரி உதிர்வது, பூனை அடுப்புக்கு முதுகு காட்டி உட்காருவது, தொலைவிலுள்ள மலை கிட்டத்தில் தெரிவது ஆகிய எல்லாமே அங்கே மழைக்குறிகள்தாம். காற்றில் ஈரம் ஏறும்போது கரி நனைந்து கனத்து விழுவதற்கு இடமுண்டு. பூனையைப் பற்றிய நம்பிக்கைக்கு அப்படி ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. தகைவிலான் பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும் பறவை என்பதால், வெயில் நாளில் மேலெழும் வெப்பக் காற்றோடு உயரே போகும் பூச்சிகள் மப்பும் ஈரமுமான நாளில் தாழ்ந்துவிடும்போது, அதுவும் தாழ்ந்தே பறக்கிறது.

வட்டத்தைப் பற்றி நம்மவர்கள் இன்னும் நுட்பமாகவே சொல்லியிருக்கிறார்கள்: ‘எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை.’ கையை நிலவை நோக்கி நீட்டிச் சாண் விரித்து, கட்டைவிரல் நுனியை நிலவின்மேல் வைத்தால், எட்ட வட்டம் ஏறக்குறைய சுண்டுவிரல் நுனியில் நிற்கும். உயரத்தில் பரவிய மெல்லிய மேகத்திலுள்ள பனிப்படிகங்கள் ஒளியை 22 பாகை அளவில் திருப்புவதால் அது உண்டாகிறது. நிலவை ஒட்டித் தெரியும் சிறு வட்டமோ பெரும்பாலும் நீர்த்துளி மேகத்தின் வேலை. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழை மேகத்திற்கு முன்னோடியாக அந்தப் பனிப்படிக மேகம் வருவதுண்டு என்பதால், அயர்லாந்தில் இந்தக் குறி ஓரளவு பலிக்கிறது. நம் நாட்டிலோ அது எங்கோ பெய்த இடிமழை மேகத்தின் உச்சியிலிருந்து பரவி வந்ததாகவும் இருக்கலாம்.

குறிப்பிட்ட நாட்களை வைத்து வானிலை சொல்லும் வழக்குகளை நான் குறியாகவே கொள்வதில்லை. அயர்லாந்துக் கதை ஒன்றில், மார்ச் மாதக் குளிரின் கொடுமைக்குத் தப்பிவிட்டதாக ஒரு கிழட்டு வரிப்பசு பெருமை பேசியதாம். அது பொறுக்காத மார்ச், ஏப்ரலிடம் சில நாட்களைக் கடன் வாங்கி அதைக் கொன்றதாம். ஏப்ரல் தொடக்கத்தில் குளிர் திரும்பக்கூடும் என்று எச்சரிக்கும் அருமையான கதை அது. அதை வைத்து எந்த நாளில் மழை என்று சொல்ல இயலாது.

தங்கள் ஊரில், ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று கொண்டுவரும் தாழ்ந்த மேகம் சாரல் காலத்தில் நிலவையே மறைத்துவிடும் ஆதலால், வட்டத்தைப் பார்க்க ஏற்றது மற்ற மாதங்களே.