புது வினைல் லைனர் போடும் முன் நீச்சல் குளத்தின் தரையையும் சுவரையும் எப்படித் தயார் செய்ய வேண்டும்?

குளத்தின் உள்பக்கம் முழுக்க மூடுகிற பிளாஸ்டிக் விரிப்புதான் வினைல் லைனர். பழைய லைனரை உருவி எடுத்தாயிற்று, உள்ளே சிமெண்ட் தரை அங்கங்கே பொரிந்து கிடக்கிறது, மேலேதான் புதுசு வந்து மூடப் போகிறதே, லேசாகப் பூசிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இந்நேரம் உங்கள் வீட்டு வாசலில் ஒரு மேஸ்திரி நின்றுகொண்டு, "சார், மொட்டை மாடிக்கு அடிக்கிற கறுப்பை ரெண்டு கோட் அடிச்சு விட்டுர்லாம், சொட்டு இறங்காது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தத் தார் டின்னை வாங்கி கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நான் இன்ஜினியர் கிடையாது. வடசென்னையில், திருவொற்றியூரில் எங்கள் சித்தப்பா 2014இல் வீட்டுக்குப் பின்னால், பழைய குடோன் இருந்த இடத்தில் ஒரு குளம் கட்டினார். நீளம் 24 அடி, அகலம் 12, ஆழம் 4. சாலிட் பிளாக் சுவர், சிமெண்ட் தரை, மேலே முக்கால் மில்லிமீட்டர் லைனர். அக்கா அதில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார். மோட்டார், ஃபில்டர், குளோரின், கணக்கு எல்லாம் என் தலையில். என் புத்திசாலித்தனத்தால் ஒரு லைனர் இரண்டரை வருடத்தில் செத்துப்போனது. அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

'திருவொற்றியூரில் நீச்சல் குளமா' என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பையன்கள் நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு கடலில் விழுந்து எழுந்து நீச்சல் கற்றுக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளை யாரும் கடலில் இறக்கிவிடுவதில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து, இடுப்பளவு தண்ணீரைப் பார்த்தால் நடுங்குகிற பிள்ளைகள் அக்காவிடம் வருகிறார்கள். குளம் ஆடம்பரம் என்று பின்னூட்டம் போடப் போகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் வகுப்பு நின்றுபோய், குளத்தைக் காலியாகப் போட்டுவிட்டோம். அதுவே முதல் தப்பு. வினைல் வளைந்து கொடுப்பது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கும் எண்ணெயால்தான். தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அது போய், லைனர் சுருங்கி அப்பளம் மாதிரி ஆகிவிடும். எங்களுடையது மூலையில் பிளந்துவிட்டது. 2021 ஆடியில் அதை உரித்துப் பார்த்தால், சுவரெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக நிற்கிறது. வந்த மேஸ்திரி நல்ல மனிதர், மொட்டை மாடி வேலையில் கெட்டிக்காரர். "தார் அடிச்சா உப்பும் வராது, சொட்டும் இறங்காது தம்பி" என்றார். நானும் தலையாட்டினேன். பளபளவென்று கறுப்பாக இருந்தது. அதன் மேலேயே நீல லைனரைப் போட்டோம்.

ஆறே மாதம். தரையில் பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டாக வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, குளத்துக்கு மங்கு வந்த மாதிரி இருக்குது" என்றார். குளோரின் கூட்டினோம், பிரஷ் போட்டுத் தேய்த்தோம், ஒன்றும் அசையவில்லை. கறை மேலே இருந்தால்தானே போகும், அது அடியிலிருந்து ஊறி வந்தது. தாரும் வினைலும் ஒட்டிக் கிடந்தால், வினைலில் இருக்கும் அந்த மென்மையாக்கும் எண்ணெய் தாருக்குள் இறங்கும், தாரின் எண்ணெய்ப் பசை வினைலுக்கு ஏறும். ஒரு பக்கம் கறை, ஒரு பக்கம் விறைப்பு. இரண்டாம் வருடம் படிக்கட்டு ஓரத்தில் தையல் வாய் திறந்துகொண்டது. லைனர் விற்றவர்கள் வந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார்கள், கறுப்பைப் பார்த்ததும் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வாரண்டி அட்டையில் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை.

தெர்மாகோலுக்கும் இதே கதைதான். காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அடியில் தெர்மாகோல் தட்டு போடச் சொல்வார்கள். போட்டுவிடாதீர்கள், அதுவும் வினைலின் எண்ணெயை உறிஞ்சும். மெத்தென்று வேண்டுமானால் ஜியோ டெக்ஸ்டைல் என்று விற்கிற கனமான வெள்ளைத் துணியையோ லைனர் கம்பெனி தருகிற ஃபோமையோ போடுங்கள்.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை. தையல் பிரிந்து கசிந்ததால் குளத்தில் பாதித் தண்ணீர்தான் வைத்திருந்தோம். வெளியே தெருவில் முழங்கால் அளவு. காலையில் போய்ப் பார்த்தால் லைனர் பூரி மாதிரி உப்பி மேலே நிற்கிறது! வெளியே நிலத்தடி நீர் குளத்து மட்டத்தைவிட உயர்ந்ததும், பூச்சில் இருந்த விரிசல் வழியாக உள்ளே வந்து லைனரைத் தூக்கிவிட்டது. சுவருக்குப் பின்னாலிருந்து அழுத்துகிற தண்ணீரை உள்பக்கம் அடித்த தார் எங்கே தடுக்கும், தோல் தோலாக உரிந்துவிட்டது. சொட்டு இறங்காது என்றாரே மேஸ்திரி, இறங்கவில்லைதான். ஏறியது.

ஆகவே நாள் பார்த்துத் தொடங்குங்கள். எங்கள் தெருவில் கார்த்திகையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். காலிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் எப்படி மேலே வருமோ அப்படித்தான் காலிக் குளமும். தரை வெடிக்கும், சுவர் உள்ளே தள்ளும். நாங்கள் 2024 சித்திரையில் வேலையை எடுத்தோம். குளத்துக்குப் பக்கத்தில், குளத்தின் அடிமட்டத்தைவிட ஒரு அடி ஆழமாக ஒரு குழி போட்டு, தினமும் காலையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றால் மோட்டார் வைத்து எடுத்துவிட்டுத்தான் வேலை.

தாரைக் கழுவி எடுக்க முடியாது. மண்ணெண்ணெய், தின்னர் என்று சொல்வார்கள். அந்தப் பசை பூச்சுக்குள் ஊறி நின்றால் அதுவும் வினைலுக்கு விஷம்தான். நாங்கள் தார் பட்ட பூச்சு முழுவதையும் கொத்தியே எடுத்துவிட்டோம். ஒன்பது நாள். மூட்டை மூட்டையாக டெப்ரீஸ். 2021இல் ஒரு டின் தாருக்குக் கொடுத்த காசை நினைத்து நினைத்து அள்ளினேன்.

இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லைனருக்கு அளவெடுக்க ஆள் கேட்டு நான்கு இடத்தில் போன் பண்ணினேன். "திருவொற்றியூரா? ராயபுரம் தாண்டியா?" என்பார்கள். ஒருவர் "அந்தப் பக்கம் நாங்க வேலை எடுக்கறதில்ல சார்" என்றே சொன்னார். எந்தப் பக்கம்? மாமல்லபுரம் வரை போகிறவர்களுக்குத் திருவொற்றியூர் தூரமா? வந்தவர் போக்குவரத்துக்குத் தனியாக 3,000 ரூபாய் கேட்டார். கேட்டால், கன்டெய்னர் லாரி வரிசையில் அரை நாள் போய்விடும் என்றார். அதை மறுக்க முடியவில்லை. எங்கள் சிமெண்ட் லோடே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர்களுக்கு நடுவில் மாட்டி சாயங்காலம் வந்து சேர்ந்தது, கொத்தனாருக்குச் சும்மா ஒரு நாள் கூலி. ஆனால் அந்த லாரிகளைக் கூப்பிட்டது நாங்களா? ஊருக்கே சரக்கு இந்த வழியாகத்தான் போகிறது. புழுதியும் கெட்ட பெயரும் மட்டும் எங்களுக்கு. சரி, விடுங்கள்.

புதுப் பூச்சுக்குப் போர் தண்ணீரில் கலவை போடாதீர்கள். எங்கள் பக்கம் போரில் வருவது பாதிக் கடல். அந்த உப்பு மறுபடி சுவரில் பூக்கும், உள்ளே கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். நாங்கள் மெட்ரோ வாட்டர் டிரம்மில் பிடித்து வைத்துக் கலந்தோம். மணலை நைஸ் சல்லடையில் இரண்டு முறை சலித்தோம். சுவரும் தரையும் சேருகிற மூலையைக் கூர்மையாக விடக் கூடாது, லைனர் அங்கே மடிந்து இழுபட்டுக் கிழியும். கொத்தனார் ஒரு காலி சோடா பாட்டிலை ஈரப் பூச்சில் வைத்து இழுத்துக்கொண்டே போனார், மூலை முழுக்க உட்குழிவாக அழகாக வந்தது. அதேபோல் படிக்கட்டு முனைகளையும் மழுக்கிவிடுங்கள். பூசி முடித்ததும் ஒரு வாரமாவது தண்ணீர் தெளியுங்கள், பிறகு நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு மூடினால் அடியில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி வரும்.

தரை விரிசல் ஒன்றில் கோரைப்புல் முளைத்திருந்தது. கோரைதானே என்று நினைக்காதீர்கள். அதன் முளை ஊசி மாதிரி, வினைலைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். புல்லைப் பிடுங்கினால் போதாது. விரிசலை வெட்டித் திறந்து கிழங்கு வரை தோண்டி எடுத்துவிட்டு அடைத்தோம்.

பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தோம். இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சில கொத்தனார்கள் உப்பைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனம், குளம் என்பது ஒரு பள்ளம், உள்ளே குனிந்து வேலை செய்கிறவர் மூக்குக்கு நேராகத் தங்கிவிடும். நாங்கள் ஆசிட் வாங்கவே இல்லை, கம்பி பிரஷ்ஷோடு சரி.

உங்கள் சுவர் இரும்புத் தகடு என்றால் துருவைச் சுத்தமாகத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, தகடுகள் சேருகிற இடத்தில் டேப் ஒட்டுங்கள். எங்களுடையது அப்படி இல்லாததால் அதில் எனக்குக் கை அனுபவம் இல்லை. மேலே லைனர் மாட்டுகிற அலுமினியச் சட்டத்தை மட்டும் எல்லாரும் பாருங்கள். கடல் காற்றில் வெள்ளையாகப் பொடிந்திருந்தால் தேய்த்துவிட்டு, பழைய லைனரின் ஓரத்தில் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொண்டு சட்டம் முழுக்க மாட்டி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அக்காவின் வேலை. பூச்சு காய்ந்தது, உப்புத்தாள் போட்டாயிற்று, எனக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அக்கா அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதை நான்காக மடித்து, உள்ளங்கைக்குக் கீழே வைத்து, மண்டியிட்டுத் தரையைத் துடைக்கிற மாதிரி அடி அடியாக இழுத்தார். வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்த சேலை ஒரு இடத்தில் 'சர்' என்று பிடிக்கும். அங்கே பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு மணல் முனை. உடனே சாக்பீஸால் ஒரு வட்டம். மார்க்கர் பேனாவால் போடக் கூடாது, அந்த மை வினைலில் ஊறி மேலே வந்துவிடும். இருட்டியதும் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தோம், மேடு பள்ளத்துக்கெல்லாம் நிழல் விழுந்தது. முதல் ராத்திரி 42 வட்டம். தேய்த்துவிட்டு அடுத்த நாள் மறுபடி சேலை: 11. மூன்றாம் நாள் சேலை எங்கும் பிடிக்கவில்லை.

இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். 4 அடி தண்ணீர் ஒவ்வொரு சதுர அடியிலும் கிட்டத்தட்ட 113 கிலோ எடையோடு உட்கார்ந்திருக்கும். எங்கள் குளத்துக்கு மொத்தம் 32,000 லிட்டருக்கு மேல், மூன்று லாரித் தண்ணீர். அந்த எடை முக்கால் மில்லிமீட்டர் தோலை எந்த முனை மேல் வைத்து அழுத்தினாலும் அந்த முனை ஜெயிக்கும்.

தண்ணீர் திரும்பி வருகிற குழாய் வாய், மேலே மிதக்கிற குப்பையை இழுக்கிற ஸ்கிம்மர், அடியில் இருக்கிற டிரெயின், இவற்றைச் சுற்றிப் பூச்சு அந்த முகப்போடு ஒரே மட்டமாக இருக்கட்டும். தூக்கலாகவோ பள்ளமாகவோ இருந்தால் லைனர் அங்கே இழுபட்டுக் கசியும். கேஸ்கட், ஸ்க்ரூ எல்லாம் புதுசு, ஸ்டெயின்லெஸ். லைனரை மாட்டி, வேக்குவம் வைத்துப் பின்னால் இருக்கிற காற்றை உறிஞ்சி, தண்ணீர் குழாய் வாய்க்கும் ஸ்கிம்மருக்கும் கொஞ்சம் கீழே வரை ஏறிய பிறகுதான் அங்கே கத்தி வைத்து லைனரை வெட்டித் திறக்க வேண்டும்.

டைல்ஸ் போட்டிருக்கலாமே, ஃபைபர் குளம் வாங்கியிருக்கலாமே என்று எழுதப் போகிறவர்களுக்கு: பணம் நீங்கள் அனுப்பினால் நாளைக்கே போடுகிறோம்.

லைனரை விரிக்கும்போது எல்லாரும் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்து, சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் இறங்கினோம். அப்படியும் ஒரு கல் ஏமாற்றிவிட்டது. என் பேண்ட் மடிப்பில் இருந்து விழுந்திருக்கும் என்பது அக்காவின் கணிப்பு. மூன்றாவது லாரி காலியாகிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, ஒரு ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு. நல்லவேளை உருண்டைக் கல், இரண்டு வருடமாகக் குத்தாமல் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் வந்த முதல் நாளே காலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டார்கள். "பட்டாணி மேல போய் நில்லு" என்றால் புதுசாக வருகிற பிள்ளை முதல் பாடத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.