இடைநிலைக் கல்விச் செலவு விகிதம் என்றால் என்ன?

அரசு கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இடைநிலை வகுப்புகளுக்குப் போவது எத்தனை ரூபாய்? அந்த எண்தான் இந்த விகிதம்.

இடைநிலை என்றால் எந்த வகுப்பு என்பதில்தான் சிக்கல். யுனெஸ்கோ கணக்கில் நம் 6 முதல் 12 வரை எல்லாமே அதில் வரும். நாமோ 9, 10ஐ உயர்நிலை என்றும், 11, 12ஐ மேல்நிலை என்றும் பிரிக்கிறோம். (நம்மூரில் ‘இடைநிலை ஆசிரியர்’ என்பவர் பெரும்பாலும் சின்ன வகுப்புக்காரர். கேட்டால் தலை சுற்றும்!)

இந்தப் பங்கு ஏன் பெரிதாகிறது? தண்டையார்பேட்டையில் ஒரு தொடக்கப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே டீச்சர் தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாம் எடுத்துவிடுவார். பிளஸ் டூவில் அது நடக்காது. இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், கூடவே ஆய்வகம். கல்விச் செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால், ஒரு மாணவருக்கு ஆகும் செலவும் ஏறுகிறது. மேல்வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கூடினாலும், கல்லூரிக்கு அதிகம் ஒதுக்கினாலும் விகிதம் மாறும்.

பங்கு குறைந்தாலும் கைக்கு வரும் பணம் கூடலாம். காசிமேட்டு விசைப்படகில் டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். 10,000 ரூபாய் மிஞ்சி, பங்கு பாதி என்றால் கைக்கு 5,000. அடுத்த முறை 20,000 மிஞ்சி, பங்கு 40% ஆகக் குறைந்தாலும் கைக்கு 8,000 வரும்.

ஆகவே ‘விகிதம் குறைந்தது, அரசு பணத்தை வெட்டிவிட்டது’ என்று பலர் சொல்வது அப்படியே சரியில்லை. மொத்தத் தொகையையும் மாணவர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் வெட்டா இல்லையா என்று தெரியும்.